ஆவணப்படமும் கரிசல் நிலத்துச் சரித்திரமும்

கண்ணாற் கண்டதும் பொய், காதாற் கேட்டதும் பொய், தீர விசாரித்ததே மெய் என்பது நம் நாட்டுப் பழமொழி. காதாற் கேட்டதை ஐயுறுதல் எவர்க்கும் எளிது. கண்ணாற் கண்டதை ஐயுறுதலோ அறிவுடையார்க்கும் அரிது. நூலொன்றைப் படிக்குங்கால், இதனை எழுதியவர் யார், எதனைக் கண்டு எழுதினார் என்று வினவும் மாணவர்கள்கூட, தொலைக்காட்சியில் ஒரு போர்க்களத்தையோ பழங்கோட்டையையோ காணுங்கால் அவ்வினாக்களை மறந்துவிடுகின்றனர். படத்திற் கண்டதனையே நேரிற் கண்டதாக எண்ணி அமைகின்றனர். சரித்திரம், யுத்தம், பிரயாணம் ஆகிய மூன்றையும் பற்றிய ஆவணப்படங்கள் இன்று தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் அளவின்றிக் கிடைக்கின்றன. அவற்றை எங்ஙனம் காண்பது, அவற்றுள் எதனை நம்புவது என்பதைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சிக்கு என்னைத் தூண்டியவர் ஒரு மாணவரே. சென்ற ஆண்டு விடுமுறை நாளொன்றில் விடுதிக் கூடத்தில் பலர் கூடித் தொலைக்காட்சியில் "வீரபாண்டிய கட்டபொம்மன்" படத்தைக் கண்டுகொண்டிருந்தனர். போர்க்காட்சி வந்தபொழுது, ஓட்டப்பிடாரம் பக்கத்திலிருந்து வந்து பயிலும் முதலாண்டு மாணவர் ஒருவர், "ஐயா, இது எங்கள் ஊர்ப் பக்கத்து மண் இல்லையே! எங்கள் மண் கறுப்பு அல்லவா?" என்றார். அருகிருந்தோர் நகைத்தனர். யானும் முதலில் நகைத்தேன். பின்னர் எண்ணிப் பார்க்க, அவர் கூறியதே சரி என்பது விளங்கிற்று. 1959ஆம் ஆண்டில் பி. ஆர். பந்துலு அவர்கள் எடுத்து வெளியிட்ட அப்படத்தின் போர்க்காட்சிகள், ராஜஸ்தானத்தில் ஜெய்ப்பூரை அடுத்த பகுதியில் எடுக்கப்பட்டவை. அது கதைப்படமாதலின் அதில் குற்றமில்லை. நாடகத்தில் திரைச்சீலைக் காடு காடாகவே கொள்ளப்படுவது போன்றதே இதுவும். ஆயினும் அப்படம் வெளிவந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும், பாஞ்சாலங்குறிச்சி என்றவுடன் தமிழ் மக்களின் மனக்கண் முன் தோன்றுவது அம்மண்ணே. கட்டபொம்மன் என்றவுடன் தோன்றுவது நடிகர் சிவாஜி கணேசனின் முகமே. ஒரு கதைப்படம் இத்துணை ஆழமாக வேரூன்றுமாயின், "இது உண்மை" என்று சொல்லிக்கொண்டே வரும் ஆவணப்படம் எத்துணை ஆழமாக வேரூன்றும்!

ஆவணப்படம் என்பது யாது? நடிகர்களைக் கொண்டு புனைந்த கதையைக் காட்டாது, உள்ள இடங்களையும் உள்ள மக்களையும் நிகழ்ந்த நிகழ்ச்சிகளையும் பொருளாகக் கொண்டு அமைக்கும் படமே ஆவணப்படமாம். இவ்வகைப் படத்திற்குரிய ஆங்கிலப் பெயர் வழங்கலானது, 1926இல் ஜான் கிரியர்ஸன் என்னும் ஸ்காத்லாந்துக்காரர் எழுதிய ஒரு மதிப்புரைக்குப் பின்னரே. அவர் மதிப்பிட்ட "மோவானா" என்னும் படத்தை எடுத்தவர் ராபர்ட் பிளாஹர்ட்டி. இவர் 1922இல், கானடாவின் வடகோடியிலே பனிவெளியில் வாழும் இனூயிட் மக்களைப் பற்றி "நானூக்" என்னும் பிரயாணப் படத்தை வெளியிட்டு உலகப் புகழ் எய்தியவர். ஆனால் அப்புகழ்பெற்ற படத்திலேயே நாம் கருதற்குரிய ஒரு செய்தி உண்டு. பனிக்கட்டி வீட்டினுள் போதிய வெளிச்சமில்லாமையால், ஒரு பக்கம் திறந்த பாதி வீடு ஒன்றைக் கட்டுவித்து, அதனுள் குடும்பத்தார் உறங்கி எழுவதுபோற் படம் பிடித்தனர். துப்பாக்கி கொண்டு வேட்டையாடப் பழகிவிட்ட அம்மக்களை, பாட்டன்மார் காலத்து ஈட்டியை ஏந்தச் செய்தனர். பார்த்தவரோ அதனை அன்றைய வாழ்க்கை என்றே எண்ணினர்.

பிரயாணப் படத்தில் நேர்ந்தது இது. யுத்தப் படத்தில் நேர்ந்தது இன்னும் பெரிது. முதல் உலக யுத்தத்தில் ஸோம் ஆற்றங்கரைப் போர் 1916 ஜூலை முதல் நாள் தொடங்கிற்று. அடுத்த மாதமே "ஸோம் போர்" என்னும் படம் இங்கிலாந்தில் வெளியாயிற்று. முதல் ஆறு வாரங்களில் இரண்டு கோடிப் பேர் அதனைக் கண்டனர் என்பர். போர்முனையில் உள்ள தங்கள் மைந்தரின் முகம் திரையில் தென்படுமோ என்று தாய்மார் தேடினர். அப்படத்தில், வீரர்கள் பதுங்குகுழியினின்று ஏறி எதிரியை நோக்கிச் செல்வதும், அவருள் சிலர் குண்டுபட்டு வீழ்வதுமாகிய காட்சி ஒன்று உண்டு. அஃது உண்மைப் போர்க்களத்தில் எடுக்கப்பட்டதன்று. போர்முனைக்குப் பின்னேயிருந்த பயிற்சிக் களத்தில் நடித்துக் காட்டியது என்பது பின்னர்ப் புலனாயிற்று. படத்தின் பெரும்பகுதி மெய். அவ்வொரு காட்சியே பொய். எனினும், ஸோம் போரைப் பற்றிப் பேசுவோர் பன்முறை எடுத்துக் காட்டியது அப்பொய்க் காட்சியையே. மெய்யான போர் புகையும் தொலைவுமாகக் கண்ணுக்குத் தெளிவின்றி இருந்தது. நடித்த போரோ கண்ணுக்கு நன்றாயிருந்தது. ஆவணப்படத்திற்கு நேரும் பெருஞ்சோதனை இதுவே.

தொலைக்காட்சி வந்தபின் இச்சோதனை நீங்கவில்லை. 1964இல் பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகம் முதல் உலக யுத்தத்தைப் பற்றி 26 பகுதிகள் கொண்ட தொடரொன்றை ஒளிபரப்பிற்று. போரில் ஈடுபட்டு உயிருடனிருந்த முதியோர் பலரை அது பேசச் செய்தது அரிய தொண்டு. ஆயின், களத்தில் எடுத்த சுருளையும் பிற்காலத்தில் நடித்தெடுத்த காட்சியையும் வேறுபாடு புலப்படாதவாறு கலந்துவிட்டனர் என்று, அப்பணியில் உடனின்ற இம்பீரியல் யுத்தப் பொருட்காட்சிச் சாலையாரே குறைகூறினர். 1973, 1974ஆம் ஆண்டுகளில் ஒளிபரப்பான "உலகம் போரில்" என்னும் 26 பகுதித் தொடர், இரண்டாம் உலக யுத்தத்தைப் பற்றியது. இதனை ஆக்கிய ஜெரமி ஐசக்ஸ், படைத்தலைவர்களோடு நின்றுவிடாது, ஹிட்லரின் அந்தரங்கக் காரியதரிசியாயிருந்த பெண்மணி முதல் குண்டுவீச்சிலே வீடிழந்தவர் வரை பலருடைய வாய்மொழியையும் பதிவு செய்வித்தார். அவருட் பலர் இன்று இல்லை. அவர் சொல் இருக்கின்றது.

படமே இல்லாத காலத்துச் சரித்திரத்தை எங்ஙனம் காட்டுவது என்னும் வினாவிற்கு, 1990இல் அமெரிக்காவில் கென் பர்ன்ஸ் என்பவர் ஒரு விடை கண்டார். 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தைப் பற்றிய அவர் தொடர் 9 பகுதிகளை உடையது. அக்காலத்தில் அசையும் படம் இல்லை, நிழற்படமே உண்டு. அவர் நடிகரைப் போர்வீரராக்கி ஓடவிடவில்லை. பழைய நிழற்படத்தின்மேல் காமிராவை மெல்ல நகர்த்தி, அதனோடு போர்வீரர் தம் இல்லத்தார்க்கு எழுதிய கடிதங்களைப் படிக்கச் செய்தார். ஒன்றும் அசையவில்லை, கேட்டவர் நெஞ்சம் அசைந்தது.

நம் நாட்டில், சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கியது. அதற்கு முன்னர், 1948இல் நிறுவப்பெற்ற பிலிம்ஸ் டிவிஷனாரின் செய்திச் சுருள்களையும் சிறு ஆவணப்படங்களையும் கொட்டகைகளிலே கதைப்படத்திற்கு முன் கண்டதே நம் பெரியோரின் அனுபவம். 1988இல் ஷியாம் பெனகல் அவர்கள், நேருவின் சரித்திர நூலைத் தழுவி 53 பகுதிகள் கொண்ட தொடரைத் தூர்தர்ஷனில் அளித்தார். அதில் நடிப்பு மிகுதி. ஆயினும் அது நடிப்பென்பது எவர்க்கும் வெளிப்படை.

இனி, இத்துறையில் தமிழர் பிறர்க்குப் பின்னிட்டவரல்லர் என்பதை நம் மாணவர் அறிதல் வேண்டும். செட்டிநாட்டுக் கோட்டையூரில் 1911இல் பிறந்தவர் ஏ. கே. செட்டியார். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நிழற்படக் கலை பயின்றவர். "உலகம் சுற்றும் தமிழன்" என்று பெயர் பெற்றவர். 1937ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் அவர் அமெரிக்காவினின்று அயர்லாந்து நோக்கிக் கப்பலிற் சென்றுகொண்டிருந்தார். அன்று காந்தியடிகளின் பிறந்தநாள். அடிகளாரின் வாழ்க்கையைப் படமாக்குதல் வேண்டும் என்னும் எண்ணம் நடுக்கடலில் அவருக்கு உதித்தது. அப்பொழுது அவர்க்கு வயது 25. கையிற் பொருளில்லை, அரசாங்கமோ அந்நியருடையது. காந்தியடிகளோ படத்திற்கென நின்று காட்ட இசையாதவர்.

அவர் செய்தது யாது? காந்தி வேடமிட ஒரு நடிகரைத் தேடினாரல்லர். உலகில் எங்கெங்கே எவரெவர் காந்தியடிகளைப் படம் பிடித்துள்ளனரோ அவரையெல்லாம் தேடிப் புறப்பட்டார். தென்னாப்பிரிக்காவிற்கும், இங்கிலாந்திற்கும், ஐரோப்பிய நாடுகள் பலவற்றிற்கும் சென்றார். இதற்கென அவர் பிரயாணம் செய்த தூரம் ஏறத்தாழ 1 லட்சம் மைல். முப்பதாண்டுக் காலத்தில் ஏறத்தாழ நூறு படப்பிடிப்பாளர் எடுத்து, நாடுதோறும் சிதறிக் கிடந்த சுருள்களினின்று 50,000 அடி திரட்டினார். நிமிடத்திற்கு 90 அடியாக ஓடுவது திரைப்படச் சுருள். ஆகவே அவர் திரட்டியது ஒன்பது மணி நேரத்திற்கு மேற்பட்டது. அதனைச் சுருக்கி 12,000 அடியாக்கி, தமிழ் விளக்கவுரையுடன் 1940 ஆகஸ்டு 23ஆம் நாள் சென்னையில் வெளியிட்டார். யுத்தம் மூண்டிருந்த காலம் அது. அக்காலத்தில் அத்தகைய படத்தைக் காட்டுதற்கே துணிவு வேண்டியிருந்தது.

அவர் உழைப்பின் முடிவு நமக்கு ஓர் எச்சரிக்கையாகும். படம் பின்னர்த் தெலுங்கிலும் ஹிந்தியிலும் வந்தது. 1953இல் அமெரிக்காவில் ஆங்கில வடிவம் ஒன்றும் வெளியாயிற்று. செட்டியார் 1943 முதல் "குமரி மலர்" என்னும் திங்களிதழை நடத்தி, 1983இல் மறைந்தார். பல்லாண்டுகளுக்குப் பின், ஆராய்ச்சியாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி அவர்களின் தேடலால் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றினின்று கிடைத்தது ஆங்கில வடிவமே. சென்னையில் மக்கள் கண்ட அத்தமிழ்ப் படம் முழுவடிவில் கிடைத்திலது. நூறு பேர் எடுத்ததை ஒருவர் தேடிச் சேர்த்தார். சேர்த்ததைக் காப்பதற்கு நம்மவர் ஒருவரும் இல்லாது போயினர். தேடுதல் பாதித் தொண்டு; காத்தல் மற்றைப் பாதி.

செட்டியார் தேடியது கடல்கடந்த சுருள்களை. நம் கோவிற்பட்டியைச் சூழ்ந்த கரிசல் நிலத்தின் சரித்திரத்தைப் படமாக்கப் புகுவோர் எதனைத் தேடுவது? ஈண்டுத்தான் அம்மாணவரின் வினா மீண்டும் நம்முன் நிற்கின்றது.

ஒரு தொலைக்காட்சிக் குழுவினர் காமிராவுடன் பாஞ்சாலங்குறிச்சிக்குச் செல்கின்றனர் என்று கொள்வோம். அவர் முதலிற் காண்பது மதிலும் வாயிலுமாக நிமிர்ந்து நிற்கும் ஒரு கோட்டை. காமிரா அதன்மேல் மெல்ல ஊர்கின்றது; பின்னே முரசு ஒலிக்கின்றது; "இதுவே கட்டபொம்மன் கோட்டை" என்கின்றது ஒரு குரல். பார்ப்போர் மெய்சிலிர்க்கின்றனர். ஆனால் அக்கோட்டை 1974இல் தமிழ்நாட்டு அரசாங்கத்தார் எழுப்பிய நினைவுக் கட்டடம். அதனை எழுப்பியது நற்செயலே. அதனைக் காட்டி, இது 1799இல் நின்றது என்று எண்ணவிடுவதே பிழை. உண்மைக் கோட்டை கல்லாலானதன்று. ஏறத்தாழ 500 அடி நீளமும் 300 அடி அகலமும் உடையதாய், இறுகிப் பிடிக்கும் மண்ணினாலேயே கட்டப்பட்டது என்று பிஷப் கால்டுவெல் தம் திருநெல்வேலிச் சரித்திரத்தில் (1881) கூறுகின்றார். அம்மண்கோட்டை 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மன் தலைமையில் வந்த கும்பினிப் படையை எதிர்த்து நின்றது. பின்னர் அது இடிக்கப்பட்டது. கட்டபொம்மன் புதுக்கோட்டைச் சீமையில் பிடிபட்டு, 1799 அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான்.

கதைப்படம் இங்கே முடிகின்றது, சரித்திரம் முடியவில்லை. 1801 பிப்ரவரி 2ஆம் நாள், கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் உடனிருந்தோரும் பாளையங்கோட்டைச் சிறையினின்று தப்பினர். இடித்த கோட்டையைக் குடிமக்கள் சில நாட்களிலேயே மீண்டும் எழுப்பினர். மார்ச்சு 31ஆம் நாள் கும்பினியார் செய்த தாக்குதலை அம்மண்சுவர் முறியடித்தது. பெரும்படையும் பெரும்பீரங்கியும் வந்து சேர்ந்த பின்னரே, மே 24ஆம் நாள் கோட்டை வீழ்ந்தது. அதனைத் தரைமட்டமாக்கினர், ஆமணக்கு விதைத்தனர் என்பது ஊர் வழக்கு. காமிராவுக்கு எஞ்சியவை தரையோடு தரையாகிய அடித்தளமும், அப்போர்களில் மாண்ட ஆங்கிலேயரின் கல்லறைகளும், கோடையிற் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் கரிசல் மண்ணுமே.

காட்டுதற்கு ஒன்றுமில்லை என்று குழுவினர் சலிப்புறுவர். கேட்பதற்கு மிகுதி உண்டு என்பதை அவர் அறிதல் வேண்டும். பானர்மன் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட மறுநாளே மேலிடத்திற்கு ஒரு கடிதம் எழுதினார். அதில், கூட்டப்பட்ட பாளையக்காரர் முன்னிலையில் கைதி சற்றும் அஞ்சாது நின்றதையும், எட்டையபுரத்தாரை இகழ்ச்சியுடன் நோக்கியதையும், தூக்குமரம் நோக்கிச் செல்லுங்கால் தன் ஊமைத்தம்பியைப் பற்றி மட்டுமே கவலையுற்றதையும் குறித்திருக்கின்றார். புகழ்வதற்கு எந்தக் காரணமும் இல்லாத பகைவரின் சாட்சி இது. பல்லாயிரம் ரூபாய் செலவிட்டு நடித்தெடுக்கும் தூக்குக் காட்சியைவிட, அக்கடிதத்தை ஒருவர் அமைதியாகப் படிப்பது நெஞ்சில் ஆழப் பதியும்.

1801 போரில் கும்பினிப் படையிலிருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்பவர் 1830இல் வெளியிட்ட நினைவுக் குறிப்பில், ஊமைத்துரை தன் வீரர்க்குக் கட்டளையிட்ட முறையைக் கூறுகின்றார். வாய்பேசாத அவன் சில துரும்புகளை உள்ளங்கையில் வைத்து, அவையே ஆங்கிலேயர் என்று காட்டுவான். பின் மற்றொரு கையால், வாயில் ஓசையெழ, அவற்றைத் துடைத்தெறிவான். தாக்குதற்கு அதுவே குறி. கோட்டை வீழ்ந்த நாளில் நிகழ்ந்த மற்றொரு செய்தியையும் அவர் குறித்துள்ளார். களத்தில் வீழ்ந்தோரிடையே பெண்கள் தம்மவரைத் தேடிச் சென்றனர். குற்றுயிராய்க் கிடந்த தன் மகனைக் கண்டாள் ஒரு தாய். மகனோ, தன்னை விட்டு, அருகே காயமுற்றுக் கிடந்த ஊமைத்துரையைக் காக்குமாறு வேண்டினான். அப்பெண்கள் ஊமைத்துரையைத் தம் ஊருக்கு எடுத்துச் சென்றனர். தேடி வந்த எட்டையபுரத்து ஆட்களைக் கண்டதும், துணியால் மூடி, அம்மை கண்டு இறந்த பிள்ளை என்று ஓலமிட்டனர்; வந்தவர் அஞ்சி அகன்றனர். இச்செய்தியை எந்தக் காமிராவும் கண்டதில்லை. அத்தாயின் பெயரையும் எவரும் எழுதி வைத்திலர். எனினும் இதனைக் கேட்டவர், இடிபட்ட கோட்டையின் உண்மை மதில் எது என்பதை உணர்வர்.

இனி, நாட்டுப்புறத்தார் பாடிவந்த கதைப்பாடல்கள் உள்ளன. பேராசிரியர் நா. வானமாமலை அவற்றைத் தேடிப் பதிப்பித்தார். எதிர்த்தரப்பின் நூலும் உண்டு. எட்டையபுரம் ஜமீன் வரலாற்றைக் கூறும் "வம்சமணி தீபிகை" 1879இல் வெளியானது. அதன் நடை சீர்பெற வேண்டுமென்று 1919இல் ஜமீன்தாருக்கு எழுதியவர் அவ்வூரிற் பிறந்த பாரதியாரே. நேர்மையான ஆவணப்படம் இவை அனைத்தையும் கேட்கும், ஒன்றோடொன்றை ஒப்பிடும், முரண்படும் இடத்தில் முரண்படுகின்றது என்று சொல்லும். இது வெறும் புலமைச் செய்தியன்று. அக்காலத்தில் எதிரெதிரே நின்றோரின் வழிவந்தவர்கள் இன்றும் இக்கரிசற் காட்டில் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்கின்றனர். ஒரே பஸ்ஸிற் செல்கின்றனர். நம் வகுப்பில் ஒரே பலகையில் அமர்கின்றனர். இவன் வீரன் மரபு, அவன் துரோகி மரபு என்று பிறப்பால் முத்திரையிட்டு முரசறையும் படம், 1801இல் அணைந்த தீயை மீண்டும் ஊதுவதாகும். அன்றைய மனிதர் ஏன் அவ்வாறு செய்தனர், கும்பினியாரின் வரிக்கொடுமை ஒவ்வொருவரையும் எவ்வழியிற் செலுத்தியது என்று ஆராயும் படமோ அடுத்தடுத்து அமர்ந்த இருவரையும் சிந்திக்கச் செய்யும்.

போர் என்பது வாளும் பீரங்கியும் மட்டுமன்று. மழை பொய்க்கும் இந்நிலத்தில் வறுமையோடு நிகழும் போரும் சரித்திரமே. பருத்தியும் கம்பும் கைகொடாத காலத்தில் கோவிற்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தார்க்குச் சோறளித்தது தீப்பெட்டித் தொழில். அதன் மறுபக்கத்தை 1990இல் சலம் பென்னூர்கர் என்பவர் "குட்டி ஜப்பானின் குழந்தைகள்" என்னும் ஆவணப்படமாக எடுத்தார். தொழில் மிகுதியால் சிவகாசிக்கு வழங்கிய சிறப்புப் பெயர் குட்டி ஜப்பான். அப்பெயரின் நிழலில், தீப்பெட்டியும் பட்டாசும் செய்யும் சாலைகளில் குழந்தைகள் உழைத்ததை அப்படம் உலகறியக் காட்டிற்று. குழந்தைத் தொழிலைப் பற்றிய சட்டம் 1986இலேயே இயற்றப்பட்டிருந்தது. எழுத்திலிருந்த சட்டத்திற்கும் தெருவிலிருந்த வாழ்க்கைக்கும் இடையே இருந்த தூரத்தை ஒரு காமிரா அளந்தது. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளரைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10ஆம் நாள் தீர்ப்பளித்தது. இதற்கு அப்படமே காரணம் என்று கூறுவது மிகை. பலருடைய உழைப்பும் அதில் உண்டு. ஆயினும் படத்தின் சாட்சி அழியாது நிற்கின்றது. ஏனெனில் ஈண்டு நடிகர் இல்லை. குழந்தையின் விரலும் குழந்தையின் சொல்லும் தாமே பேசின. 1990இல் பத்து வயதினராயிருந்த குழந்தைகள் இன்று நடுவயதினர். நம் மாணவருள் சிலருக்கு அவர்கள் தாய் தந்தையராயிருத்தலும் கூடும்.

இதுகாறும் கூறியவற்றினின்று, ஆவணப்படத்தைக் காண்போர் உள்ளத்திற் கொள்ளத்தக்க வினாக்கள் நான்கு பெறப்படும். முதலாவது, இக்காட்சி எங்கே, எப்பொழுது எடுக்கப்பட்டது? நிகழ்ந்த இடத்திலா, வேறிடத்திலா? இரண்டாவது, இது நிகழ்ந்ததா, நடித்ததா? நடித்ததாயின், நடித்தது என்று சொல்லினரா? மூன்றாவது, பேசுபவர் கண்டவரா, கேட்டவரா, படித்தவரா? நான்காவது, பேசாதவர் யார்? எதிர்த்தரப்பாரும் ஏழையரும் பெண்டிரும் இப்படத்தில் ஏன் வாய்திறக்கவில்லை? இந்நான்கனுள் இறுதியானதே தலையாயது. கணிப்பொறியைக் கொண்டு, இல்லாத முகத்தையும் நிகழாத போரையும் நொடிப்பொழுதில் உருவாக்கும் ஆற்றல் இன்று எளியவர் கைக்கும் வந்துவிட்டது. ஆதலின், முற்காலத்தில் அறிஞர் மட்டும் கேட்ட இவ்வினாக்களை இனி ஒவ்வொருவரும் கேட்டல் வேண்டும். படத்தின் மெய்ம்மை அதன் அழகிலன்று, அஃது எங்கிருந்து வந்தது என்று ஒளியாது கூறும் நேர்மையிலேயே உள்ளது.

இறுதியாக, மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏ. கே. செட்டியார் கடல்கடந்து தேடியதற்கு ஒப்பானவை உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே உள்ளன. தீப்பெட்டிச் சாலையிற் குழந்தைப் பருவத்தைக் கழித்த அன்னையர், கிணறு வற்றிய ஆண்டுகளை எண்ணிச் சொல்லும் சம்சாரிகள், கதைப்பாடலை நெட்டுருவாகப் பாடவல்ல முதியோர் ஆகியோர் உங்கள் ஊர்களில் இன்னும் உளர். செட்டியாரிடம் இல்லாத வசதி உங்கள் சட்டைப்பையில் உள்ளது. விடுமுறைக்குச் செல்லுங்கால் ஒருவரை இருத்தி, அவர் விருப்பறிந்து, அவர் சொல்வதை இடைமறியாது பதிவு செய்யுங்கள். இன்ன ஊர், இன்ன நாள், சொன்னவர் கண்டது இது, கேட்டது இது என்று எழுதி வையுங்கள். அதன் படியொன்றைக் கல்லூரிப் புத்தகசாலையிற் சேர்த்து வையுங்கள். சேர்த்ததைக் காவாது இழந்த கதையை மேலே கண்டோம்.

அம்மாணவர் விடுமுறை கழிந்து திரும்பியபொழுது என் மேசைமேல் சிறு காகிதப் பொட்டலம் ஒன்றை வைத்தார். பிரித்துப் பார்த்தேன், ஒரு பிடி கரிசல் மண். மேலே, பாஞ்சாலங்குறிச்சி என்றும், எடுத்த நாளும், கோட்டை அடித்தளத்திற்குத் தொலைவிலுள்ள தம் மாமாவின் புஞ்சையில் எடுத்தது என்றும் ஒழுங்காக எழுதியிருந்தார். அன்று நகைத்தவர்களுக்கு அதனைக் காட்டினேன். எவரும் நகைக்கவில்லை.